குதிரைக்கு ஏழு மணி

ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். முழங்கை வரைக்கும் மாவு. அந்த நேரம் பார்த்து போன் கத்தியது.

"நீ பிசை, நான் பாக்கறேன்" என்று என் மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எடுத்தார்.

சினிமாக்காரர்கள் அனுப்பிய கால்ஷீட், யார் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்ற பட்டியல். எங்கள் ஊர் மேய்ச்சல் மேட்டில் படம் எடுக்கிறார்கள். கூடாரத்துக்குள் கைக்குழந்தையோடு உட்கார ஒரு தாய் வேண்டுமென்று என்னையும் என் நாலு மாசப் பையனையும் சேர்த்திருந்தார்கள். மறுநாள்தான் எங்களுக்கு முதல் நாள்.

அத்தை விரல் வைத்துப் படித்தார்.

"துமார், குழந்தையுடன். வர வேண்டிய நேரம் காலை ஆறு. காட்சி பதினோரு மணி."

பையன் ராத்திரியில் தூங்குகிறவன் இல்லை. அவன் பிறந்ததிலிருந்து சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம் நான் கண் மூடியதில்லை. விடிந்தால் அடுப்பு, மாடு, டீ. இப்போது இது வேறு.

"கேட்டீங்களா அண்ணி?" என்று அத்தை ஆரம்பித்தார்.

அண்ணி என்றது என் மாமனாரின் அக்காவை; எங்களுக்கெல்லாம் அவர் பெரியவர். நரின் பட்டணத்திலிருந்து வந்து ஒரு மாதமாக எங்களோடு இருக்கிறார். பிள்ளை பெற்ற மூன்றாம் நாளே பால் கறந்த கதையைத் தினம் ஒரு தடவையாவது சொல்லிவிடுவார்.

"பதினோரு மணி வேலைக்கு ஆறு மணிக்கே போய் நிக்கணுமாம். இதோ, மேல குதிரை பேரும் போட்டிருக்கான். சாம்பல் குதிரை, ஏழு மணி. குதிரைக்கு ஏழு, என் வீட்டு மருமகளுக்கு ஆறு. குதிரையை விடக் கேவலமாப் போயிட்டோமா நாம?"

"அப்ப காலையில மாட்டை யாரு பாக்கறது?" என்றார் பெரியவர்.

"நான்தான். இந்த முட்டியை வச்சுக்கிட்டு."

"வர முடியாதுன்னு சொல்லிடு."

"வரோம்னு வாக்குக் குடுத்தாச்சே. நம்ம வீடு மட்டும் பேச்சு மாறினா ஊர்ல சிரிக்க மாட்டாங்களா? எல்லாம் அந்த லேப்டாப்காரியைச் சொல்லணும். நெஞ்சுல துளி ஈரமில்லை."

லேப்டாப்காரி என்றால் பெகிமாய். தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வந்த பெண். நடிக்கிற ஆள், வண்டி, குதிரை, அவரவர் செருப்பளவு வரைக்கும் எல்லாம் அவள் டேட்டாபேஸில் இருக்கிறது. யார் போய்ச் சண்டை போட்டாலும் ஒரே பதில்தான். "நான் போடலைங்க. உள்ள இருக்கறதுதான் கால்ஷீட்டா வருது."

மறுநாள் இருட்டு பிரியாத நேரத்தில் வண்டி வந்தது. பையனைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு ஏறினேன். மூன்று பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்காதவள் நான். ஆனால் அன்றைக்கு வழி நெடுக மனசுக்குள் அவளோடு சண்டை போட்டுக்கொண்டே போனேன். அத்தை காலை நீட்டவும் முடியாமல் மாட்டுக்கு அடியில் உட்கார்ந்திருப்பது கண்ணிலேயே நின்றது.

மேட்டில் பெகிமாய் மட்டும்தான் இருந்தாள்.

"அக்கா, எனக்கு வேலை பதினோரு மணிக்குத்தானே?"

"ஆமா."

"பின்னே ஏன் ஆறு மணி? குதிரையே இன்னும் வரலை. எங்க வீட்ல முட்டிவலிக்காரங்க குனிஞ்சு பால் கறந்துக்கிட்டிருக்காங்க. உங்க பெட்டிக்கு அதெல்லாம் தெரியுமா?"

அவள் கோபிக்கவில்லை. லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள்.

"உங்க வரி இதுதான். கடைசிக் கட்டத்தைப் படிங்க. அது மட்டும் கால்ஷீட்ல வராது, எங்க ஆளுங்களுக்கு மட்டும்."

நான் அதிகம் படித்தவள் இல்லை. எழுத்துக் கூட்டித்தான் படித்தேன்.

'மூன்றாம் வண்டி. ஹீட்டர் போட்டு வைக்கவும். குழந்தையை மேக்கப் அக்கா பார்த்துக்கொள்வார். பத்தரை வரை தாயை எழுப்ப வேண்டாம்.'

"நான் தூங்கறதுக்கா?"

"உங்க வீட்டு ஆள்தான் கேட்டாங்க. வீட்ல மருமக பகல்ல படுத்தா பேச்சு வருமாம். கால்ஷீட்ல போட்டா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாதாம். பேரைச் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காங்க. போங்க, கட்டில் விரிச்சிருக்கு."

மாஸ்கோவில் வேலை செய்கிற என் வீட்டுக்காரர்தான் போன் பண்ணிச் சொல்லியிருக்க வேண்டும். இந்த மனுஷனுக்கு இவ்வளவு அக்கறையா என்று நினைத்துக்கொண்டே படுத்தேன். அவ்வளவுதான் தெரியும். பத்தரைக்குத் தொட்டு எழுப்பினார்கள்.

சாயங்காலம் வீட்டு வாசலிலேயே அத்தையின் சத்தம் கேட்டது. பெரியவர் எதிரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டாங்க சினிமா நடிகை. வீட்டு வேலை மலையாக் கிடக்கு. நாளைக்கும் ஆறு மணிதானாம் அண்ணி, நாளன்னிக்கும் அதேதானாம். அந்தப் பெட்டியைத் தூக்கி ஆத்துல போட்டாத்தான் என் ஆத்திரம் தீரும்."

"அநியாயம்தான். ஆனா எழுதிட்டானே, என்ன பண்றது" என்றார் பெரியவர்.

நான் போனை எடுத்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் கால்ஷீட் வருவது என் போனுக்கு மட்டும்தான். நாளைக்கானது இன்னும் வரவே இல்லை.

"அத்தை, ஆறு மணின்னு உங்களுக்கு எப்படி..."

"துமார், மாடு கத்துது பாரு, போ."