கழுத்துக்கு மேலே

வடகவுஞ்சிச் சிலம்பக் களத்தில் மூடுபனி இன்னும் முழங்கால் உயரத்துக்குக் கிடக்கிறது. கந்தவேலும் அவன் தங்கை புருஷன் சேனாதிபதியும் கம்போடு எதிரெதிரே நிற்கிறார்கள். அடி விழுந்த இடம் உடம்பில் தெரிய வேண்டும் என்று இரண்டு கம்பின் நுனியிலும் எண்ணெயில் குழைத்த கரியைத் தடவியிருக்கிறார்கள். கழுத்துக்கு மேலே மட்டும் படக் கூடாது. அது களத்துச் சட்டம். குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்போதும் கந்தவேலின் பார்வை சேனாதிபதியை விட்டு நகரவில்லை. புருஷன் அறைந்து வீங்கிய இடது கன்னத்தை முந்தானையால் மூடிக்கொண்டு நேற்று வீடு வந்து சேர்ந்த தங்கை அன்னக்கொடிதான் அவன் கண்ணுக்குள் நிற்கிறாள். “என்ன மச்சான், குளுருதா?” என்று சேனாதிபதி இளிக்கிறான். கந்தவேல் கம்பைச் சுழற்றிக்கொண்டு முன்னே பாய்கிறான். கம்பும் கம்பும் மோதும் சத்தம் பூண்டுக்காட்டைத் தாண்டிப் போய் மலையில் முட்டித் திரும்புகிறது. விலாவைக் காக்கச் சேனாதிபதி கம்பைத் தாழ்த்துகிறான். அந்த நொடியில் கந்தவேலின் கம்பு காற்றைக் கிழித்து மேலேறி, அவன் இடது கன்னத்துக்கு ஒரு நூல் இடைவெளியில் நின்று, மெல்லத் தொட்டுக் கரியை ஒட்டிவிட்டு விலகுகிறது. “ஏலே, மூஞ்சியில படக்கூடாதுன்னு தெரியாதா ஒனக்கு?” என்று வாத்தியார் நல்லுசாமி கத்துகிறார். கந்தவேல் கம்பைத் தரையில் ஊன்றுகிறான். “எனக்குத் தெரியுமுங்க. மாப்ளைக்குத்தான் தெரியல.”