விலை இறங்கிய நேரம்

"யப்பா, தறியைப் போடாதீங்க. சாப்பிட்டு முடிச்சிட்டு எந்திரிங்க."

விசைத்தறி ஓடும் அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாத பேச்சு அது. மின்சார விலை நேரத்துக்கு நேரம் மாறுகிற ஊரில், விலை ஏறித் தறிகள் நிற்கும் பொழுதுதான் நல்ல நேரம். கல்யாணமும் காதுகுத்தும் அப்போதுதான். அந்த வீட்டு மகள் இசைவாணி சென்னைக்கு வேலைக்குக் கிளம்பும் விருந்தையும் அப்படிப் பார்த்துத்தான் வைத்தார்கள். பாழாய்ப்போன காற்று திடீரென்று அடித்துக் காற்றாலைகள் சுழன்றன, விலை விழுந்தது. விலை இறங்கியதைச் சொல்லும் சங்கு ஊதியதும் தெருவே பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடியது.

அப்பா மாடசாமியும் எழுந்தார். "ஏட்டி, நாளைக்குத் துணி போகலன்னா ஏவாரி வேற வீடு பாத்துருவான். காத்து உனக்காக நிக்குமா?"

"நான் பொறந்ததுல இருந்து நீங்க மோருஞ்சோறு வரைக்கும் உக்காந்து பாத்ததில்ல. காத்தென்ன உங்க மாமியாரா, கூப்பிட்டதும் ஓட?"

சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். ஆனால் பக்கத்து வீடுகளில் தறிச்சத்தம் எழ எழ, அவருடைய விரல்கள் இலையோரத்தில் தாளம் போட்டன. சோறு இறங்கவில்லை.

விலை வைக்கிறவனின் வம்சத்தையே திட்டியபடி இசைவாணி எழுந்து புதுச்சேலையைத் தூக்கிச் செருகினாள்.

"எங்கட்டி போற? படிச்ச பிள்ள தறியைத் தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல!" என்று அப்பா அதட்டினார்.

"எம்மா, அவருக்கு மோரை ஊத்து. பஸ்சு போனா அடுத்த பஸ்சு." வாசலில் நின்று திரும்பினாள். "யப்பா, இலையை விட்டு எந்திரிச்சீங்க, நான் மெட்ராசுக்கே போகமாட்டேன்."

பதிலுக்கு நிற்காமல் தறிக்கொட்டகையைப் பார்த்து நடந்தாள்.