கண்ணாடியில் தெரியும் தூரம்

“ஏறி மிதி மாப்ளே! இந்த லாரிக்குப் பின்னாடியே ஊர்கோலம் போறதுக்கா சட்டையைத் தேச்சுப் போட்டுக்கிட்டு வந்தோம்?”

முன்னிருக்கையில் இருந்த சின்னக்கண்ணு மாமா, கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். மணி பத்தே முக்கால். கார் கொல்லிமலைச் சாலையின் பதினெட்டாவது கொண்டை ஊசி வளைவில் இருந்தது. மீதம் ஐம்பத்திரண்டு வளைவுகள். முன்னால், செங்கல் ஏற்றிய லாரியொன்று முக்கி முனகி ஏறிக்கொண்டிருந்தது.

முருகானந்தம் பெண் பார்க்கப் போகிறான். ஏற்கெனவே இரண்டு வரன்கள் கைநழுவிப் போயின. இந்த இடத்தில் காடு உண்டு, மிளகு உண்டு, வண்டி வாகனமும் உண்டு என்று தரகர் சொல்லியிருந்தார். கூடவே ஒரு கண்டிப்பும் வந்திருந்தது. பன்னிரண்டு மணிக்கு எமகண்டம். அதற்குள் வந்து சேராவிட்டால் பெண்ணை வெளியே அழைத்துவர மாட்டார்களாம்.

பின்னிருக்கையில் அம்மா பெருமாயி, பூவும் பழமும் வைத்த தட்டை மடியைவிட்டு இறக்காமல் அமர்ந்திருந்தாள்.

“ஹாரனையாச்சும் அடி மாப்ளே.”

“பாவம், பாரம் ஏத்தீட்டுப் போறாருங்க மாமா. ஹாரன் அடிச்சா வண்டி வேகமாவா ஏறும்?”

பத்தொன்பதாவது வளைவில் லாரி வலப்பக்கமாக அகன்று ஒதுங்கியது. இடப்பக்கம் ஒரு கார் தாராளமாக நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிந்தது.

மாமா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டித் துள்ளினார். “வழி உட்டுட்டான்! பூந்துரு, பூந்துரு!”

முருகானந்தம் காரை நிறுத்திவிட்டான்.

“ஏன்டா நிறுத்தறே?”

“பாருங்க.”

லாரியின் முகம் இடப்பக்கம் திரும்பியது. பின்சக்கரங்கள், வளைவின் உள்விளிம்பை உரசிக்கொண்டு வந்தன. மாமா காட்டிய வழி, கண்ணெதிரே காணாமற்போயிற்று.

அம்மா தட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். மாமா மட்டும் அசரவில்லை.

“சரி, பின்னாடியாச்சும் ஒட்டிப் போ. எட்டு ஆள் தூரம் உட்டுட்டு வர்றியே, நடுவுல தேர் வரப்போகுதா?”

“லாரியோட பக்கக் கண்ணாடி தெரியுதுங்களா?”

“தெரியுது.”

“அது நமக்குத் தெரிஞ்சாத்தான் நாம அவருக்குத் தெரிவோம். ஒட்டிப் போனா, பின்னாடி ஒரு கார் இருக்கறதே அவருக்குத் தெரியாதுங்க.”

முருகானந்தத்துக்கு நாமக்கல்லில், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, எது தெரியும், எது தெரியாது என்று தினமும் பார்ப்பவன்.

அவன் சொல்லி வாய் மூடவில்லை. கியர் மாற்றிய லாரி, ஒரு முழம் பின்னுக்கு உருண்டு, பிறகு உறுமி ஏறியது.

அம்மா மெல்லக் கேட்டாள். “நேரமாகிப் போயிருமே சாமி?”

“ஆகட்டும்மா. முழுசாப் போய்ச் சேருவோம்.”

“இவனுக்குக் கல்யாணம் ஆன மாதிரித்தான்!” என்ற மாமா, வெளியே நீட்டிய இடக்கையை உள்ளே இழுக்கவே இல்லை. ‘ஒதுங்கு, ஒதுங்கு’ என்று வளைவுக்கு வளைவு லாரியைப் பார்த்து ஆட்டிக்கொண்டே வந்தார்.

எழுபதாவது வளைவு தாண்டியதும் லாரி வேகமெடுத்து மறைந்தது. இவர்கள் வழி கேட்டுக் கேட்டு, பெண் வீட்டு வாசலை அடைந்தபோது மணி பன்னிரண்டு பத்து.

வாசலில் அதே செங்கல் லாரி நின்றது.

“இந்தச் சனியன் இங்கேயும் வந்துட்டானா!” என்று மாமா பல்லைக் கடித்தார்.

லாரியின் மறுபக்கத்திலிருந்து, தோளில் துண்டோடு ஒருவர் வந்து கைகூப்பினார்.

“வாங்க, வாங்க. நாந்தானுங்க கருப்பண்ணன், பொண்ணோட அப்பா. இது நம்ம வண்டிதானுங்க.”

அம்மாவின் முகம் வாடியது. “எமகண்டம் பொறந்துருச்சுங்களே. பொண்ணை...”

“அட, அதை உடுங்கம்மா. பாப்பா சேந்தமங்கலத்துல நர்சுங்க. காலைல டூட்டி முடிய நேரமாகி, பஸ்ஸு போயிருச்சு. செங்கல் ஏத்தப் போன நானே வண்டியில கூட்டியாந்தேன். பக்கக் கண்ணாடியைப் பாத்துட்டே வந்தவ, ‘அப்பா, பின்னாடி வர்ற காரு நம்ம கண்ணாடியை உட்டு நகரவே இல்லீங்க, யாரோ நல்ல மனுசன்’னா. அப்பறம் உத்துப் பாத்து, ‘தரகர் குடுத்த போட்டோவுல இருந்தவர்தானுங்க’ன்னா.”

முருகானந்தத்தின் காது சிவந்தது.

“பொண்ணு பாக்கற நேரந்தானுங்க போச்சு. மாப்பிள்ளை பாக்கற வேலை, நல்ல நேரத்துலயே முடிஞ்சுருச்சு. எம் பொண்ணுக்குச் சம்மதமுங்க!”

அம்மா தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றாள்.

சின்னக்கண்ணு மாமா, நெஞ்சை நிமிர்த்தி முன்னால் வந்தார்.

“நாந்தானுங்க வழி நெடுகச் சொல்லீட்டே வந்தேன், ‘பாரம் ஏத்துன வண்டி, அவசரப்படாத மாப்ளே’ன்னு. சின்னப் பசங்க பாருங்க, நாமதான் புத்தி சொல்லோணும்.”



அப்போது உள்ளிருந்து கருப்பண்ணனின் மகள் அருள்மொழி காப்பியோடு வந்தாள். முதல் தம்ளரை, மாமாவிடமே நீட்டினாள்.

“வலக்கையில வாங்கிக்குங்க மாமா. இடக்கை நோகுமுங்க, பத்தொம்பதாவது வளைவுல வெளிய நீட்டுனதை, எழுவது வரைக்கும் ஆட்டீட்டே வந்தீங்களே!”