மூப்பருக்குக் கோபமே வராது

மூப்பர் பெண்வீட்டு வாசலில் நின்று தோத்திரம் சொன்னபோது பெண் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். அதோடு சரி. வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துவிட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் வாயே திறக்கவில்லை.

மூப்பருக்குப் பரம திருப்தி. "பொண்ணு அடக்கமா இருக்கா" என்றார் மனைவியிடம். மனைவி தலையாட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் செய்துவரும் வேலை அது.

பெண்ணும் மூப்பரின் மகனும் ஒரு வாலிபர் முகாமில் பழகி, ஒருவரையொருவர் பிடித்துப்போய், பெற்றவர்களைப் பேச வைத்திருந்தார்கள். இனி எல்லாம் மூப்பர் சொல்லப்போகும் ஒரு 'சரி'யில் இருந்தது. அதை அவ்வளவு லேசில் சொல்லிவிடுகிற ஆளா அவர்? தன் சபையில் இச்சையடக்கத்தைப் பற்றி மாதக்கணக்கில் வேதபாடம் நடத்துகிறவர். பாடத்தை நேரத்துக்கு நிறுத்துகிற அடக்கம் மட்டும் அவருக்கு இன்னும் கைவரவில்லை.

அந்தப் பாடத்தில் ஒரு பகுதி இங்கேயும் நடந்தது. விசுவாசிக்கு அழகே அடக்கம்தான், அதிலும் நாவை அடக்கியவன் எல்லாவற்றையும் அடக்கியவன் என்றார். அவர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் தட்டிலிருந்த கேக் தீர்ந்துபோயிருந்தது. கோபம் என்ன நிறம் என்றுகூடத் தனக்குத் தெரியாது என்றார். மகன் தரைவிரிப்பைப் பார்த்தான். மனைவிக்கு இருமல் வந்தது.

பேச்சு பெண்ணின் வேலைக்கு வந்தது. வீட்டு உபயோகப் பொருட்கள் விற்கும் ஒரு கம்பெனியின் புகார் பிரிவில் போனில் பதில் சொல்லும் வேலை என்றார் அவளுடைய அப்பா. மூப்பர் முகத்தைச் சுளித்தார். கண்டவர்களோடு நாளெல்லாம் போனில் பேசுவது குடும்பத்துக்குச் சரிப்படாது, வேலையை விட்டுவிட்டால்தான் மேற்கொண்டு பேச்சு என்றார்.

பெண்ணின் முகம் வாடிவிட்டது. அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"அப்படிச் சொல்லாதீங்க. பொறுமையில இவளை அடிச்சுக்க ஆளில்ல. போன வாரம் ஒரு ஆளு போன்ல வாய்க்கு வந்தபடி பேசியிருக்கான். பெத்தவங்க வரைக்கும் இழுத்திருக்கான். இவ ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லல. வீட்டுக்கு வந்துதான் அழுதா."

மூப்பரின் மனைவி கையிலிருந்த கோப்பையை மெல்லக் கீழே வைத்தாள்.

மூப்பர் உச்சுக்கொட்டினார். "தேவபயம் இல்லாத ஜென்மம். அவனெல்லாம் சபை வாசலையே மிதிச்சிருக்க மாட்டான்."

பிறகு குரலில் தேனைத் தடவிக்கொண்டு பெண்ணின் பக்கம் திரும்பினார். வேலையை விடுவதில் சம்மதம்தானே, கூச்சப்படாமல் வாய் திறந்து சொல்லும்மா என்றார்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். முகத்தில் கோபம் இல்லை. குரலும் நாளெல்லாம் போனில் பேசிப் பழகிய அதே பதவிசான குரல்தான்.

"சார், உங்க வாஷிங் மெஷின் இப்ப ஓடுதா?"