ஒற்றைக் கோட்டு ரஸ்முஸ்

மூஸ் மான் கல்லெறி தூரத்தில் வந்து நின்றபோது ரஸ்முஸால் துப்பாக்கியைத் தூக்க முடியவில்லை.

விரல்கள் அவன் சொன்னதைக் கேட்கவில்லை. பல் அடித்துக்கொண்ட சத்தத்தில் மானே ஒரு காதை அவன் பக்கம் திருப்பியது.

பிறகு, இவன் சுடமாட்டான் என்று புரிந்துகொண்டதுபோல, அவசரமே இல்லாமல் உறைந்த ஓடையைத் தாண்டிப் போயிற்று.

பின்னாலேயே துரத்தி வந்த நாய் நின்று அவனைப் பார்த்தது. அந்தப் பார்வையைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

வடக்கே இருக்கும் கூஹ்மோ ஊரில் நவம்பர் கடைசி என்றால் மூச்சு விட்டாலே மீசையில் பனி கட்டும். தெற்கே துர்க்குவில் பிறந்த ரஸ்முஸ், மனைவி சைலாவின் ஊர் என்று இங்கே குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. ஊரில் அவனிடம் எல்லோரும் பேசுவார்கள். ஆனால் வேட்டைச் சங்கத்தில் இல்லாதவனை யாரும் எதற்கும் கூப்பிடமாட்டார்கள்.

சங்கத்தின் தலைவர் அவன் மாமனார் தைஸ்தோ. ஒருநாள் தங்களோடு வேட்டைக்கு வந்து பார்க்கட்டும், மற்றவர்களுக்குச் சரியென்று பட்டால் சேர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்.

அந்த ஒருநாளுக்காக ரஸ்முஸ் ஒரு மாதம் துணி தேர்ந்தெடுத்தான்.

உடம்போடு ஒட்டி, வியர்வையை வெளியே தள்ளும் மெல்லிய கம்பளி உள்சட்டை. அதன்மேல் நடக்கும்போது கழற்றிப் பையில் வைத்து, உட்கார்ந்ததும் மாட்டிக்கொள்ள ஒரு தடித்த சட்டை. எல்லாவற்றுக்கும் மேலே, கிளையில் உரசினாலும் சரசரக்காத, காற்று புகாத மேலங்கி.

வேட்டைக்கு முந்தின நாள் சாயங்காலம் அவற்றை மாமனார் வீட்டுப் பெஞ்சில் பரப்பி வைத்தது தப்பாகிவிட்டது. சங்கத்துக் கிழவர்கள் காபி குடிக்க வந்திருந்தார்கள்.

கலெர்வோ என்ற கிழவர் உள்சட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

“மாப்ள, வெங்காயம் மாதிரி இத்தனை தோலா? உரிச்சுக்கிட்டே போனா உள்ள ஆளு இருப்பாரா?”

கிழவர்கள் காபி சிந்தச் சிரித்தார்கள். தங்கள் காலத்தில் ஒரு ஸ்வெட்டர், ஒரு கோட்டு, அவ்வளவுதான் என்றார்கள். இன்றைக்கும் அவ்வளவுதான் என்றார்கள். குளிர் என்பது தெற்கத்திக்காரர்கள் கண்டுபிடித்த வியாதி என்று ஒருவர் சொன்னார். தைஸ்தோ மட்டும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ரஸ்முஸுக்கு அதுதான் அதிகம் சுட்டது.

காலையில் அவன் எல்லாவற்றையும் பெஞ்சிலேயே விட்டுவிட்டுப் போனான். பருத்தி பனியன், ஒரு ஸ்வெட்டர், மாமனாரின் பழைய கோட்டு, சட்டப்படி போட வேண்டிய ஆரஞ்சுத் தொப்பி, மேலுடுப்பு. போதும்.

முழங்கால் பனியில் நடந்து மானுக்காகக் காத்திருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் பனியன் வியர்வையில் நனைந்திருந்தது. உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அது விறைத்து, முதுகில் தகரம் கட்டியதுபோல ஆயிற்று.

மான் அதற்குப் பிறகுதான் வந்தது.

அன்று வேறு மான் எதுவும் வரவில்லை. யாரும் அவனைத் திட்டவில்லை. வண்டியில் நாயைப் பற்றி மட்டும் பேசினார்கள். சங்கத்தில் சேரும் ஆசை அதோடு முடிந்தது என்று ரஸ்முஸ் நினைத்துக்கொண்டான்.

திரும்பியதும் வழக்கப்படி எல்லோரும் நீராவிக் குளியல் எடுக்க சானாவுக்குப் போனார்கள். சூடு ஏறிய கல்லில் தண்ணீர் சொய்ங்கென்று ஆவியாகும் சத்தம் வெளி அறைக்கே கேட்டது. கிழவர்கள் ஆணிகளில் கோட்டை மாட்டினார்கள். ஸ்வெட்டரைக் கழற்றினார்கள்.

பிறகும் கழற்றினார்கள்.

கலெர்வோ இன்னொரு சட்டையைக் கழற்றினார். அதற்குள்ளே மெல்லிய கம்பளி உள்சட்டை இருந்தது. அதற்குள் இன்னும் மெல்லியதாக ஒன்று. வெங்காயம் என்று சொன்னவர் ஆணியில் இடம் போதாமல் இரண்டாவது ஆணியைத் தேடிக்கொண்டிருந்தார்.

தைஸ்தோவின் மார்பில் சின்னதாகச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பேட்டரியில் சூடாகும் கைவைக்காத சட்டை. அவர் நிதானமாக அதை அணைத்தார்.

ரஸ்முஸின் ஆணியில் தொங்கிய ஈரப் பனியனை அப்போதுதான் கலெர்வோ பார்த்தார். தொட்டும் பார்த்தார்.

“நெசமாவே இவ்ளோதான் போட்டிருந்தியா?”

“நீங்கதானே சொன்னீங்க.”

கலெர்வோ பனியனிலிருந்து கையை எடுத்தார்.

“சொல்றதுதான்டா,” என்றார் தைஸ்தோ, மெதுவாக. “எல்லாரும் சொல்றதுதான். அதுக்காக?”

ஆனால் கிழவர்கள் அவனைப் பார்த்த பார்வை மாறிவிட்டது. தாங்கள் இத்தனை காலமும் வாயால் செய்ததை ஒருவன் உடம்பால் செய்துவிட்டான். உள்ளே சூடு அதிகம் ஏறும் மேல்படி இருக்கையை அவனுக்கு விட்டுக்கொடுத்தார்கள். முதல் பீரும் முதல் தொத்திறைச்சியும் அவனுக்கே வந்தன.

கதை ஊருக்குள் போவதற்குள் தப்பிப்போன மான் அதிலிருந்து காணாமல் போய்விட்டது. அந்தக் குளிரில் ஒரே கோட்டோடு நாள் முழுக்க உட்கார்ந்தவன் என்பது மட்டும் மிஞ்சியது. அந்த வாரமே சங்கத்தில் சேர்த்துக்கொண்டார்கள். ஒற்றைக் கோட்டு ரஸ்முஸ் என்று பெயரும் வைத்தார்கள். வசந்தம் வரை உணர்ச்சி திரும்பாத கால் விரல்களை ராத்திரி தேய்த்துவிட்ட சைலா மட்டும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை.

அடுத்த இலையுதிர் காலத்தில், தெரிந்தவர் கண்ணில் படாமல், காயானி நகரத்துக்கு வண்டி ஓட்டிப் போய் ஒரு வேட்டைச் சாமான் கடைக்குள் நுழைந்தான். கம்பளி உள்சட்டை வேண்டும் என்றான். கொஞ்சம் தயங்கி, கழுத்துக்கிட்ட வெளியே தெரியாத மாதிரி, என்றான்.

கடைப்பெண் தலைகூட நிமிரவில்லை.

“கூஹ்மோ சங்கமா? உங்க ஆளுங்களுக்குன்னே தனியா உள்ள எடுத்து வெச்சிருக்கோம்.”