வரைபடம் வராதபோது

"வரைபடம் ஒரு கொம்பனியின்ர. எஸ்எம்எஸ் இன்னொரு கொம்பனியின்ர. வாகனக்காரரின்ர பட்டியலும் வேற ஆக்களின்ர. அப்ப நீர் என்னத்தைச் செய்தனீர், பிள்ளை?"

ஸ்ரீஸ்கந்தராசா கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றின் தலைவர். அவசர நோயாளருக்கு வாகனம் பிடித்துக் கொடுக்கும் இந்தச் செயலியை அவர் வாங்கினால்தான், வெள்ளவத்தையில் ஒரு மாடியறையில் நடக்கும் லவினாவின் சின்ன நிறுவனம் தப்பும். அப்படிப்பட்டவர் உள்ளே வந்தபோது அவள் கதிரையை விட்டு எழும்பக்கூட இல்லை. அவளோடு வேலை செய்யும் புஷ்பராஜுக்கு அது உறுத்தியது.

"கோத்தது நாங்கள், சேர்," என்றாள் லவினா. "ஒண்டு விழுந்தாலும் மற்றதுகள் விழாத மாதிரி இளக்கமாக் கோத்திருக்கிறம்."

சொல்லி வாய் மூடவில்லை, திரையில் இருந்த வரைபடம் வெறும் வெள்ளையாகிப் போனது.

"அக்கா, மப் சேர்விஸ் விழுந்திட்டுது!" புஷ்பராஜ் கத்தினான்.

ஸ்ரீஸ்கந்தராசா எழும்பிவிட்டார். "இதைத்தான் நான் சொன்னனான்."

"கொஞ்சம் இருங்கோ, சேர்." லவினா மேசை விளிம்பை இறுகப் பிடித்து, மூச்சை மெல்ல விட்டாள். கோபத்தை அடக்குகிறாள் என்று புஷ்பராஜ் நினைத்தான். அவள் தன் போனை எடுத்து 'அவசரம்' என்ற பொத்தானை அழுத்தினாள்.

வரைபடம் இல்லாததால் செயலி கேள்வி கேட்டது: பக்கத்தில் என்ன இருக்கிறது? 'வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால், மேல்மாடி' என்று தட்டினாள். அந்தப் பகுதி வாகனக்காரர் எல்லோருக்கும் குறுஞ்செய்தி பறந்தது. அந்த மாற்றுவழியை எழுதியவன் புஷ்பராஜ். நாலு மாத வேலை.

ஏழாவது நிமிடம் கீழே ஹோர்ன் சத்தம். வான் சாரதி படியேறி ஓடி வந்தார். "ஆருக்குச் சுகமில்லை?"

புஷ்பராஜின் நெஞ்சு நிமிர்ந்தது. தன் எழுத்து ஒரு மனுசனை ஓட வைத்திருக்கிறது!

ஸ்ரீஸ்கந்தராசா விடவில்லை. "உயிர் போற அந்தரத்தில இதை நம்பலாமோ? நீரெண்டா நம்புவீரோ?"

லவினா மறுபடியும் மேசை விளிம்பைப் பிடித்தாள். புஷ்பராஜ் சாரதியிடம் திரும்பினான். "குறை நினைக்காதேங்கோ அண்ணை, இது சும்மா டெஸ்ட்."

"அவரை அனுப்பாதை, புஷ்பராஜ்!"

லவினா ஒரு கையை மேசையில் ஊன்றி, மறுகையால் ஒன்பது மாத வயிற்றைத் தாங்கியபடி எழும்பினாள். வேர்த்த முகத்தில் அப்படியொரு பெருமை.

"நம்பித்தான் கூப்பிட்டனான், சேர். எனக்கு வலி தொடங்கி அரை மணித்தியாலமாச்சு."