கூரை ஏறிய எதிரிகள்

"பிரவுசிங் சென்டராம்மா இது? கொலைகாரப் பசங்கள வளக்கிற எடம்!"

தண்டையார்பேட்டையில் லுப்னா நடத்தும் கடைக்குள் செருப்போடு நுழைந்தார் ராசையா. ஏரியாவின் சமாதானக் குழுத் தலைவர். எங்கே சண்டை என்றாலும் போய் நிற்பார், அடி விழாத தூரத்தில்.

"இன்னாணா ஆச்சு?" லுப்னா பதறி எழுந்தாள். இந்தக் கடைதான் அவள் வீட்டுக்குச் சோறு.

"நாள் பூரா டுமீல் டுமீல்னு சத்தம். தெருவுல கத்தி தூக்குறவன்லாம் இங்கதான் கத்துக்கிறான். நாளைக்கு ஷட்டரைத் தூக்கிப் பாரு, ஆளுங்களோட வந்து பூட்டு போட்டுடுவேன்!"

"ஒரு தபா புள்ளைங்க ஸ்கிரீனைப் பாத்துட்டுப் பேசுங்கணா."

முகத்தைச் சுளித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். கஸ்பாரும் அவன் தோஸ்துகளும் கம்ப்யூட்டரில் துப்பாக்கிச் சண்டை கேம் விளையாடிக்கொண்டிருந்தார்கள். திரையில் இரண்டு படைகள். யாரும் சுடவில்லை. ஒருவன் தலைமேல் ஒருவனாக ஏறி நின்றார்கள்.

"துப்பாக்கிய வச்சிகினு இன்னாடா சர்க்கஸ் காட்றீங்க?"

"அந்தக் கூரை மேல ஏறணும்ணா," என்றான் கஸ்பார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "எங்களுக்கு ஆளு பத்தல. எதிர் டீமையும் கூப்ட்டோம், 'வாங்கடா, சண்டைய அப்பறம் போட்டுக்கலாம்'னு. அவுங்க வேற கடைல இருந்து நெட்டுல ஆடுறாங்க. அடியில நிக்கிறவன்தான் அவுங்க கேப்டன்."

"அவன் சுட மாட்டானா?"

"எங்க எல்லாரையும் தலையில தாங்கிகினு கீறான். நம்ம ஆளு வழுக்கி வுழுந்தாக்கூட 'சாரி மாமு'ன்னு டைப் பண்றான்!"

ராசையாவின் முகம் இளகியது. மேடைக் குரல் வந்தது.

"இதைத்தாம்மா நான் தெருத்தெருவா கத்திகினு கீறேன். எதிரியா இருந்தாலும் தோள் குடுக்கணும். நீ தைரியமா கடையை நடத்து. எவன் கேக்கிறான்னு நான் பாத்துக்கிறேன்."

லுப்னாவுக்கு மூச்சு வந்தது. நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். ராசையா உட்கார்ந்தார்.

"அடியில நிக்கிறானே, அந்தத் தங்கமான புள்ள யாரு கஸ்பாரு?"

"திருவொத்தியூர் செங்குட்டுவன்ணா. போன மாசம் ஃபுட்பால் ஃபைனல்ல நம்ம ஏரியாவுக்கு எதிரா மூணு கோல் போட்டானே, அவன்தான்."

ராசையா எழுந்தார். கஸ்பாரின் கையிலிருந்த மவுஸைப் பிடுங்கினார்.

"சுடுறதுக்கு எந்தப் பட்டன்டா?"